நான் அழித்த படம்

பக்கத்துக் கதிரை அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்ததுதான் முதலில் என் கண்ணில் பட்டது. வேலை நேரத்தில் அவர் அப்படிச் செய்வதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற கட்டிடமொன்றின் மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டு நிறுவனமொன்றுக்காக, சமூக வலைத்தளத்தில் ஆட்கள் போடும் தமிழ்ப் பதிவுகளைப் பார்த்துக் கூடாதவற்றை அழிப்பது வேலை. ஊரைவிட்டுப் போகாமலே கொம்பியூட்டர் வேலை என்று எங்கள் வீடுகளில் பெருமை. நாள் முழுக்க இரத்தத்தையும் பிணங்களையும் பார்க்கிறோம் என்று நாங்கள் சொன்னதில்லை.

அக்கா கிளிவெட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோனவர். யுத்த காலத்தில் அவருடைய தம்பி காணாமல் போயிருந்தான். அன்று அவருடைய திரையில் ஒரு பழைய படம்: கைகளைப் பின்னால் கட்டி மணலில் இருத்தப்பட்ட ஏழெட்டு இளைஞர்கள். ஓரத்தில் இருப்பவன் தன் தம்பி போலிருக்கிறது, அம்மாவுக்குக் காட்ட ஒரு பிரதி வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டார். அவர் கெட்ட மனிதரல்ல. மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார். ஆனால் அறையிலிருந்து எதுவும் வெளியே போகக்கூடாது என்பது ஒப்பந்தம். எங்கள் போன்களே வாசலில் பூட்டிக் கிடந்தன. அக்காவை வெளியே கூட்டிப்போய்த் தேத்தண்ணி கொடுத்தார்கள்.

அக்கா முடிக்காமல் விட்டதைக் கணினி அடுத்த ஆளுக்கு அனுப்பியது. அடுத்த ஆள் நான். அது எந்தப் படம் என்று எனக்குத் தெரியும். ஒரு பதிவுக்கென்று தந்த நேரம் திரையின் மேலே குறைந்துகொண்டிருந்தது. அந்த வாரம் பிந்தியதற்காக ஏற்கெனவே இரண்டு தரம் எச்சரிக்கை வாங்கியிருந்தேன். விதிப்படி அழித்தேன். அழித்ததை மீட்க ஏலாது என்று பிறகு மேலிடத்திலிருந்து பதில் வந்தது. மாத முடிவில் அக்கா வேலையை விட்டார்.

அடுத்த வருடம் அந்த வேலையை மென்பொருளே செய்யும் என்று எங்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் பஸ் நிலையத்தில் அக்காவைக் கண்டேன்.

“அந்தப் படத்தை நான்தான் அழிச்சனான், அக்கா.”

அவர் கோபிக்கவில்லை.

“அப்ப நீங்களும் பாத்தனீங்கள்தானே, தங்கச்சி. அவன்தான் எண்டு அம்மாட்ட சொல்லிப்போட்டன். இப்ப எனக்கே சந்தேகமாக் கிடக்கு. ஓரத்தில இருந்தவனுக்கு நெத்தியில தழும்பு இருந்ததோ?”

நான் முகங்களைப் பார்க்கவேயில்லை. கட்டிய கைகளைக் கண்டதும் பொத்தானை அழுத்தியிருந்தேன்.