முப்பத்திநாலாம் லெவல் தேன்மொழி

எதிரி வாளை ஓங்கும் முன்பே தேன்மொழி தாவிவிடுவாள். இடது கையில் போன், வலது கையில் ஜல்லிக்கரண்டி. மலைமேல் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் அவள் போடும் குச்சிக்கிழங்கு சிப்ஸும் அப்படித்தான். சிவக்கட்டும் என்று காத்திருந்தால் கருகிப்போகும். மஞ்சளாக இருக்கும்போதே அள்ளிவிடுவாள்.

ஆன்லைனில் ஊர் ஊராக ஆட்கள் சேர்ந்து ஆடும் வாள்சண்டை அது. பெயர் ‘ஏழு கோட்டை’. ஆட ஆட லெவல் ஏறும், அடி பலக்கும், கவசம் தடிக்கும். தேன்மொழியின் வீராங்கனைக்கு லெவல் வெறும் முப்பத்திநாலு. அடுப்படியில் நிற்பவளுக்கு லெவல் ஏற்ற ஏது நேரம்? ஆனாலும் எழுபதாம் லெவல்காரர்களை ஓட ஓட விரட்டுகிறாள். “கைக்கு லெவலு போட ஆரு இருக்கறாங்க?” என்பது அவள் அடிக்கடி கேட்கும் கேள்வி.

ஆசை அவளுக்கு ஒன்றே ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை கோட்டைச் சண்டையில் ஓர் இடம். அணித்தலைவன் அர்ஷத் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் செல்போன் கடை வைத்திருக்கிறான், தொண்ணூறாம் லெவல். அணி முழுவதும் அவன் கடையில் கூடி உட்கார்ந்துதான் ஆடும்.

“லெவல் பத்தாதுங்கக்கா. ஒரு அடிக்குத் தாங்க மாட்டீங்க” என்று போனில் சொன்னான்.

“அடி பட்டாத்தானுங்க தம்பி தாங்கோணும்.”

சிரித்துவிட்டான். நேரில் வந்து தன்னோடு மூன்று ஆட்டம் ஆடச் சொன்னான். இரண்டில் ஜெயித்தால் இடம்.

கொண்டை ஊசி வளைவு என்றாலே தேன்மொழிக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். மலையை விட்டு இறங்கி வருஷக்கணக்காயிற்று. அடுப்பைக் கணவன் பூபதியிடம் ஒப்படைத்துவிட்டு, மூக்கருகே எலுமிச்சம்பழத்தைப் பிடித்தபடி, வளைவுகள் முடியும் காரவள்ளி வரும்வரை கண்ணைத் திறக்காமல் வந்து சேர்ந்தாள்.

கடையில் ராஜ உபசாரம். ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு, அவள் போனில் கடை வைஃபையையும் போட்டுக் கொடுத்தான் அர்ஷத். முதல் ஆட்டம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அவள் தாவி, தரையில் கால் ஊன்றிய பிறகுதான் அவன் வாள் வந்தது. ஒரே வெட்டு.

அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. “ஏனுங்க தம்பி, உங்க வாளு எதுக்கு இத்தன லேட்டா வருது?”

“வாளு சரியாத்தானுங்கக்கா வருது. நீங்கதான் மொதல்லயே குதிச்சுப்போட்டீங்க.”

அப்போதுதான் உறைத்தது. மலையில் சிக்னல் தவழ்ந்துதான் வரும். ஓங்கிய வாள் திரையில் தெரிவதற்குள் அடி விழுந்திருக்கும். அதனால் எதிரியின் தோள் லேசாக அசைந்ததுமே தாவிப் பழகியிருந்தாள். இங்கே அந்த அவசரமே அவளைக் கவிழ்த்துவிட்டது.

“உங்க வைஃபைய எடுத்துருங்க சாமி” என்று எழுந்தாள். “இங்க சிக்னலு சரியாக் கெடைக்காத எடம் எங்கிருக்குது?”

அர்ஷத் விழித்தான். சிக்னல் இல்லை என்று சண்டைக்கு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறான். வேண்டாம் என்பவளை இன்றுதான் பார்க்கிறான். பின்னால் இருந்த சரக்கறையைக் காட்டினான். கனத்த சுவர், சன்னல் கிடையாது. சிக்னல் ஒற்றைக் கோடாகச் சுருங்கியதும் தேன்மொழியின் முகம் மலர்ந்தது. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். கடையில் இருந்தபடி அவன் வெட்ட வெட்ட, வெட்டுப்பட்டது வெறும் காற்றுதான். ஒவ்வொரு தாவலுக்கும் அவள் ஒரு கீறல் போட்டாள். தொண்ணூறாம் லெவல் கவசத்துக்கு அது கொசுக்கடி. கொசு விடவேயில்லை, கடித்துக் கடித்தே இரண்டாவது ஆட்டத்தை வாங்கிவிட்டது.

 மூன்றாவதில் அவன் உயிர் கடைசிச் சொட்டுக்கு வந்தபோது அவள் திரை அப்படியே உறைந்துபோனது.  இப்போது ஓங்குவான் என்று நினைத்த கணத்தில், பஸ்ஸில் மூடியதுபோல் கண்ணை இறுக மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள். திரை மறுபடி அசைந்தபோது அவன் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஒரு கீறல். தொண்ணூறு விழுந்தது.

அர்ஷத் சரக்கறை வாசலுக்கு வந்தான். தோற்ற முகத்தில் அத்தனை சந்தோஷம். “ஞாயித்துக்கெழம வந்துருங்கக்கா. ஃபேனுக்கடியில சேரு உங்களுக்குத்தான்.”

 தேன்மொழி முன்னால் போய் அந்த நாற்காலியைத் தூக்கி வந்து சரக்கறையில் போட்டாள். பஸ்ஸில் இடம் பிடிக்கிறவளைப் போல, இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை உதறி அதன்மேல் விரித்துவைத்தாள்.