அவசரமாய்ப் போகும் சைக்கிள்

எங்கள் பக்கம் ஒருவன் தனியாக, தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளில் பறந்தால் யாரும் பந்தயம் என்று நினைக்க மாட்டார்கள். இழவு சொல்லப் போகிறான், இல்லையென்றால் டாக்டரைக் கூப்பிடப் போகிறான். கூட்டமாக ஓட்டினால்தான் அவர்களுக்குப் பந்தயம். என்னுடையதோ நேரத்தை எதிர்த்து ஓட்டுவது. நிமிடத்துக்கு ஒருவராகத் தனித்தனியே விடுவார்கள்; குறைந்த நேரத்தில் முடிப்பவருக்குத்தான் வெற்றி. பயிற்சிக்குப் போனால் "யாருக்கு என்னண்ணே?" என்று கேட்காத டீக்கடை கிடையாது. எரிச்சலாக வரும்.

எழுபதுகளின் கடைசியில் மாநில அணிக்கான தேர்வை நாகமலை புதுக்கோட்டையிலிருந்து சோழவந்தான் போய்த் திரும்பும்படி வைத்தார்கள். இந்த முறையும் இடம் கிடைக்காவிட்டால் இனிமேல் பயிற்சிக்கு லீவு கிடையாது என்று ஆபீசில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். அதோடு என் சைக்கிள் வாழ்க்கை முடிந்த மாதிரிதான். அந்தச் சாலையில்தான் மாமனார் வீடும் இருந்தது. தலைப்பிரசவத்துக்குப் போன மனைவிக்கு நிறைமாதம். பந்தயம் என்றாலே நான் எங்காவது விழுந்துவிடுவேன் என்று அவளுக்குப் பயம். அதனால் நான் மூச்சு விடவில்லை.

எனக்கு ஒரு நிமிடம் கழித்துக் கிளம்புகிற கோயம்புத்தூர்க்காரர் என்னைத் தாண்டிவிடுவாரோ என்று முதல் நாளே எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் நன்றாகத்தான் ஓட்டினேன். மாமனார் ஊர் முக்கில் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கிளாஸை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினார். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. நான் நிற்கவில்லை.

அதன்பிறகு நிம்மதி போயிற்று. எதற்குக் கத்தினார்? வலி வந்துவிட்டதா? சோழவந்தான் வந்தது, திரும்பினேன். அவள் முகத்தைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை.

திரும்பி வருகையில் அதே முக்கில், நடுரோட்டில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளே நின்றாள். பிரேக்கை அழுத்தினேன்.

"ஏங்க, அத்தைக்கு என்னாச்சு? நீங்க அம்புட்டு வேகமா போறீகன்னு டீக்கடை அண்ணே ஓடியாந்து சொன்னாரு. ஈரக்கொலையே நடுங்கிருச்சு."

"அம்மா நல்லாத்தான் இருக்கு. உனக்கு என்ன?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

தேர்வு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கோயம்புத்தூர்க்காரர் குனிந்த தலை நிமிராமல் வந்துகொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். சட்டென்று என் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தாள்.

"ஓரமா வாங்க. பாவம், அவுக வீட்டுல யாருக்கு என்னவோ. போகட்டும்."

நான் ஒதுங்கி வழி விட்டேன்.