அப்பா பார்த்த பாக்ஸர் மாப்பிள்ளை

பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம், குடிப்பானா, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரிப்பார்கள். என் அப்பா விசாரித்தது பீச்சாங்கையை. "அந்த லெஃப்ட்டு ஒண்ணு உட்டான்னா எதிராளிக்கு அவன் பேரே மறந்துபூடும்டி" என்று சொல்லித்தான் என் கல்யாணத்தை முடிவு செய்தார். "பொண்ணு வாழப்போறது அந்தக் கையோடவா? குணம் எப்பிடின்னு கேளுய்யா" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். யார் காதில் விழுந்தது?

அப்பா மிலிட்டரி ஒர்க்‌ ஷாப்பில் வெல்டர். வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. கன்டோன்மென்ட்டில் அவன் விட்டுப்போன பாக்ஸிங் பைத்தியம் மட்டும் போகவில்லை. சனிக்கிழமை மேட்ச் பார்த்துவிட்டு வந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் வீட்டில் மேட்ச்தான். கொடியில் காயும் போர்வையைக் குத்துவார், அந்த வேகத்தில் தண்ணீர்க் குடத்தையும் உருட்டுவார். துடைப்பது நான்.

மாப்பிள்ளை தங்கவயல்காரர். அவர் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து இறந்துபோனவர். அதற்குப் பிறகு இவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டராகச் சேர்ந்திருந்தார். அவர் ஜெயித்தால் நீலசந்திராவில் எங்கள் சந்து ஆம்பளைகள் எல்லாம் தாங்களே குத்தி ஜெயித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்கள். பரிசம் போட்ட பிறகு எனக்கும் கொஞ்சம் ஏறித்தான் போயிருந்தது. "பாக்ஸர் பொண்டாட்டி வர்றா, நவுருங்கடி, குத்திடப்போறா" என்று குழாயடியில் கேலி செய்வார்கள். சும்மா இருங்கடி என்பேன், ஆனால் நகர்ந்த இடத்தில் போய்க் குடத்தை வைத்துவிடுவேன்.

கல்யாணத்துக்கு முந்தின மாதம் ஒரு பெரிய மேட்ச் வந்தது. அதற்கு எங்களையும் கூட்டிப்போயே தீருவேன் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். பொம்பளைகள் போகிற இடமா அது? "சம்பந்தியம்மாவே வர்றாங்க. மாப்ள அடிக்கிற அடிய நீங்களும் பாக்கவாணாமா?" முன்வரிசை நாற்காலிகளில் கவுன் போட்ட ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பெஞ்சில், சேலை கட்டியவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்: அம்மா, நான், எங்களுக்கு நடுவில் அவர் அம்மா.

அவர் கயிறு கட்டிய மேடையில் ஏறியபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பரிசம் அன்றைக்கு முழுக்கைச் சட்டையில் ஒரு தடவை பார்த்த மனிதர், வெறும் அரை டிராயரோடு ஊர் முன்னால் நிற்கிறார்! கண்ணை எங்கே வைப்பது? முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்பாவோ, "அதோ, அதோ, என் மாப்ள!" என்று பக்கத்தில் இருந்தவனையெல்லாம் உலுக்கிக்கொண்டிருந்தார்.

அடி, ஹொடி, மாரோ என்று தெரிந்த பாஷையிலெல்லாம் கூட்டம் கத்தியது. முதல் ரவுண்டு அவருடையது. இரண்டாவதில் எதிராளி குனிந்து உள்ளே வந்து வயிற்றில் குத்தினான். திரும்பவும் வயிற்றில். திரும்பவும் அங்கேயே. அவருடைய பீச்சாங்கை மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிட்டது. மூன்றாவது ரவுண்டுக்கு மணி அடித்தபோது அவர் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நடுவரைப் பார்த்து, வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு வசவு கிளம்பியது. "பொட்டப்பயலே!" "காசு வாங்கிட்டாண்டா!" அவர் தலையைக் குனிந்துகொண்டு மேடையிலிருந்து இறங்க, காகிதம் பறந்தது, எலுமிச்சைத் தோல் பறந்தது. அப்பா எழுந்தார். சமாதானம் சொல்லத்தான் எழுந்தார் என்று நினைத்தேன். காலிலிருந்த செருப்பைக் கழற்றி வீசினார். அது மாப்பிள்ளை முதுகில் பட்டு விழுந்தது. எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் அதைப் பார்த்தார். அப்பாவையும் பார்த்தார். எழுந்து மகன் போன பக்கம் போனார்.

அப்பா ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். பின்னாலேயே நடந்துவந்த எனக்கு, பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்று இருந்தது.

ஞாயிறு விடிந்ததுமே ஆரம்பித்துவிட்டார். "தட்ட எடுடி. இன்னிக்கே திருப்பிக் குடுத்துட்டு வர்றேன். சண்டையில எந்திரிக்காத பயலுக்கா என் பொண்ணு?" தட்டு மாற்றிக்கொண்டால்தான் நிச்சயம். அது திரும்பிப் போனால் சம்பந்தம் முறிந்தது. அப்படி முறிந்த பெண்ணைத் தேடி அந்தக் காலத்தில் எவன் வருவான்? அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வாசலில் நிழல் தட்டியது. அவரும் அவர் அம்மாவும் நின்றிருந்தார்கள். அந்த அம்மாள் கையில் ஒரு துணிப்பை.

மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று அப்பா நினைத்துக்கொண்டார். குரல் தானாக உயர்ந்தது. சந்தும் கூடிவிட்டது. "இன்னாத்துக்குடா எந்திரிக்கல?"

"பயந்துட்டேன், மாமா."

கை பிசகிவிட்டது, காய்ச்சல் என்று ஏதாவது சொல்லக்கூடாதா? கதவுக்குப் பின்னால் நின்று சாமியை வேண்டிக்கொண்டேன், ஒரு பொய் சொல்லித் தொலையுங்களேன் என்று. அவர் இன்னும் தெளிவாகச் சொன்னார். "மூச்சே வரல. செத்துடுவேன்னு தோணிச்சி. எங்கப்பா போனப்புறம் எங்கம்மாவுக்கு நான்தான் கீறேன். இனிமே ரிங்குல ஏற மாட்டேன்." யாரோ சிரித்தார்கள். என் முகம் பற்றி எரிந்தது.

"அப்பிடின்னா தட்ட வாங்கிக்கினு போ" என்றார் அப்பா.

அந்த அம்மாள் துணிப்பையைப் பிரித்தார். உள்ளே இருந்தது நாங்கள் கொடுத்த தட்டு, வேட்டி சட்டையோடு. அதை எங்கள் வாசற்படியில் வைத்தார். "அதுக்குத்தான் வந்தோம், அண்ணா. எம்புள்ள மேல செருப்பு எறிஞ்ச கை. அந்தக் கையால குடுக்கற பொண்ண எங்களால வாங்க முடியாது. நாங்க போட்ட சேல பொண்ணுகிட்டயே இருக்கட்டும், பாவம், அது இன்னா பண்ணுச்சி."

பாவம் என்றாரே, அதில்தான் நான் செத்தேன். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்கள் திரும்பி நடந்தார்கள். அவர் ஒரு தடவை கதவுப் பக்கம் பார்த்தார். நான் வெளியே வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

அவர்கள் சந்து முனைக்குப் போவதற்குள் அப்பா திடீரென்று வெறுங்காலோடு பின்னால் ஓடினார். "போய்ப் பேசுய்யா, காலப் புடிச்சாவது பேசு" என்று அம்மா விம்மினாள். முதல் தடவையாக அப்பா எனக்காக ஓடுகிறார் என்று வாசலுக்கே வந்துவிட்டேன்.

அப்பா மாப்பிள்ளையின் பீச்சாங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அழுதார். சந்து முழுக்கக் கேட்கத்தான் சொன்னார்:

"எம்பொண்ணு வாணான்னா உடுப்பா, பரவால்ல. பாக்ஸிங்க மட்டும் உட்டுடாதப்பா."