கை நனைத்த வீடு

செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டிச் சற்றுத் தள்ளி, வெள்ளைக்காரர்களை நம்பியே நடக்கும் சின்ன கஃபே ஒன்று இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்பு ஊருக்கு வந்திருந்தபோது பகல் சாப்பாட்டை நான் அங்கேதான் வைத்துக்கொண்டேன். கீழ்பென்னாத்தூரில் பிறந்து, திருவண்ணாமலையில் படித்து, இந்த மலையைச் சுற்றியே செருப்பைத் தேய்த்தவன், கழுத்தில் மணிமாலை போட்ட ஐரோப்பியர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பரங்கிக்காய் சூப்பை டீஸ்பூனால் குடித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் என்னிடம் இங்கிலீஷில்தான் பேசுவார். நான் தமிழில் பதில் சொன்னாலும் அவர் இங்கிலீஷை விடமாட்டார். அதுகூட எனக்கு வசதியாகவே இருந்தது. ஏன் இவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிடுகிறாய் என்று கேட்காத ஒரே இடம் அந்த ஊரில் அதுதான்.

ஒருநாள் எதிரில் இருந்த ஜெர்மன் அம்மாள், ஒரு கிண்ணம் சூப்போடு நான் மாரடிப்பதை வெகுநேரம் பார்த்துவிட்டு, இது எத்தனை வருடப் பயிற்சி என்று கேட்டார். மூன்று வருடம் ஆகிறது என்றேன். உங்கள் குரு எங்கே இருக்கிறார் என்றார். ஒஹாயோவில் என்றேன். அவரே உங்களைத் தேர்ந்தெடுத்தாரா என்றார். இல்லை, இன்ஷூரன்ஸ் கம்பெனி தேர்ந்தெடுத்தது என்றேன். அம்மாள் சிரித்துக் கைகூப்பினார். ஞானிகள் இப்படித்தான் விளையாட்டாகப் பேசுவார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். என் வயிற்றை வெட்டி எலுமிச்சம்பழ அளவுக்குத் தைத்திருக்கிறார்கள் என்று விளக்க எனக்கும் தெம்பில்லை.

எண்பத்தொன்பதில் நான் அமெரிக்காவுக்கு விமானம் ஏறியபோது உறவில் என் பட்டம் சாப்பாட்டு ராமன். கல்யாண வீட்டில் நான் உட்காரும் வரிசையில் சாம்பார் வாளிக்காரர் கொஞ்சம் நின்றுதான் போவார். சாப்பிடுகிறவனைப் பார்க்க எங்கள் ஜனங்களுக்கு அத்தனை ஆசை. ஆள் பூசினாற்போல் இருந்தால் வீட்டில் குறையில்லை என்று பொருள். ஒஹாயோவில் அந்த வாயைக் கட்டுவதற்கு யாரும் இல்லை. வாசலில் காரில் ஏறி ஆபீஸ் வாசலில் இறங்கினேன். குளிர், கம்ப்யூட்டர், சோடா, பஃபே. மூட்டு போயிற்று, சர்க்கரை வந்தது, தூங்குவதற்கு மூக்கில் ஒரு மெஷினை மாட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. விமானத்தில் பெல்ட் போதாமல் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிய அன்று என் மனைவி சுமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன். கையெழுத்து வாங்கிய நர்ஸ், "இது உங்கள் உடம்பு, உங்கள் முடிவு" என்று அன்பாகச் சொன்னார். அந்த நாட்டில் அப்படித்தான். உடம்பு அவரவர் சொந்தச் சொத்து, காரைப் போல. எங்கள் பக்கத்தில் அது கூட்டுப் பட்டா என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

முதல் வருடம் ஆபீஸில் எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள். அப்புறம்தான் பாடு ஆரம்பித்தது. வயிற்றையும் குடலையும் சேர்த்துத் தைத்த இடம் சுருங்கிப்போனது. குழாய் விட்டு, உள்ளே சின்ன பலூனை ஊதி விரித்தார்கள். மறுபடி சுருங்கியது, மறுபடி விரித்தார்கள். இனிப்பு உள்ளே போனால் நெஞ்சு படபடத்து, சட்டை நனைய வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வரும். மாத்திரையை விழுங்கினாலும் சத்து உடம்பில் ஒட்டவில்லை. முடி கொட்டியது. பாதம் மரத்துப்போனது. எல்லாவற்றையும்விட மோசம், சோறு இறங்காது. இரண்டு வாய்க்கு மேல் போனால் நெஞ்சுக்குழியில் கல்லாக நிற்கும், பிறகு நுரை நுரையாக எச்சில் பொங்கும், வெளியே எடுத்தால்தான் மூச்சு வரும். ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னபோது நர்ஸ் முகம் மலர்ந்துவிட்டது. "ரைஸ் ஒன்றுதானே? விட்டுவிடுங்களேன்" என்றார். ஒன்றுதானே என்றால் ஒன்றுதான். அவரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

அக்காவுக்கு நான் இதையெல்லாம் சொல்லவில்லை. சர்க்கரைக்காக டயட்டில் இருக்கிறேன் என்று போனில் சொல்லியிருந்தேன். மாமா இறந்த பிறகு அக்காவும் மகள் செல்வியும் கீழ்பென்னாத்தூரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். செல்விக்கு வரன் பார்ப்பதற்காகத்தான் நான் லீவு போட்டு வந்தேன். வேனிலிருந்து இறங்கியவனை அக்கா வாசலில் நின்று பார்த்தாள். ஆரத்தித் தட்டு கையில் அப்படியே நின்றது. "பயணம் எப்பிடி இருந்துச்சு" என்று மட்டும் கேட்டாள். இளைத்துவிட்டாய் என்று அவள் சொல்லாததிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அந்த வருடங்களில் எங்கள் மாவட்டத்தில் வெளியூர் போய் இளைத்துத் திரும்பியவனைப் பற்றி ஜனம் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்தது. சுவருக்குச் சுவர் சிவப்பு எழுத்தில், ரத்தத்தில் பரவும் அந்த உயிர்க்கொல்லி வியாதியின் பெயரை எழுதிவைத்திருந்த காலம் அது.

வந்த வாரமே பெரிய கோயிலுக்குப் போனோம். உச்சி வெயில். பிராகாரத்துக் கல்லில் எல்லோரும் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடினார்கள். நான் நிதானமாக நடந்து வந்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர், "பக்தின்னா இதான்" என்றார். வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் கொப்புளமாகத் தோல் எழும்பியிருப்பதைப் பார்த்தேன். எனக்கு வலிக்கவே இல்லை. அக்காவும் பார்த்தாள். மறுநாள் காலையில் என் டம்ளரும் தட்டும் சமையலறை அலமாரியிலிருந்து நகர்ந்து, பின்கட்டு ஜன்னலில் தனியாக உட்கார்ந்திருந்தன. எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. நேராக அவளிடமே போனேன்.

"அக்கா, நீ நெனைக்கிற வியாதி இல்ல எனக்கு."

"நான் இன்னா நெனச்சேன்?" என்றாள், கல்லுரலைத் துடைத்தபடி.

எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். அவள் கிட்டே வந்து, தொடாமல், உற்றுப் பார்த்தாள்.

"சோறு ஜாஸ்தியா துன்னுட்டோம்னு வயித்த அறுத்துக்கினியா?"

"சர்க்கரை, மூட்டு வலி..."

"ஊர்ல அவனவன் வயித்துக்கில்லாம கஷ்டப்பட்டுக்கினு கெடக்கறான். நீ இருக்கிற வயித்த அறுத்துக்கினு வந்து நிக்கிற." வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "இத வெளிய சொல்லாதடா சேகரு. நோவுன்னாக்கூட பாவம்னுவாங்க. இதுக்கு சிரிப்பாங்க."

டம்ளர் அன்று மதியமே அலமாரிக்குத் திரும்பியது. ஆனால் அவள் முகம் திரும்பவில்லை.

செல்விக்கு அமைந்த இடம் திருவண்ணாமலை டவுனில். பையன் பள்ளிக்கூட வாத்தியார். செல்விக்கு அவனைப் பிடித்திருந்தது. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பேச்சு வந்தால் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாள். முன்பு வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் அவள் கல்யாணமே வேண்டாம் என்றுவிடுவாள் என்று அக்கா பயந்தாள். இனி நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகவேண்டியதுதான் பாக்கி. அந்த வழக்கத்தை வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன். சம்மதம் ஆகும்வரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், அதாவது சாப்பிட மாட்டார்கள். இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்மதம், பேச்சு முடிந்தது. உட்காராமல் எழுந்துவிட்டால் வாய் திறந்து மறுக்கவே தேவையில்லை. பெண்ணுக்கு அப்பா இல்லாத வீட்டில் அந்தக் கை தாய்மாமனுடையது. என்னுடையது.

"ஒரு வாய் வெச்சாப் போதும்டா" என்றாள் அக்கா, வழி முழுக்க.

ஒரு வாய் என்பது எங்கள் ஜில்லாவில் எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா? தலைவாழை இலை போட்டு, முதலில் கேசரி வைத்தார்கள். நெய் மினுங்கியது. மாப்பிள்ளையின் அம்மாவே பரிமாறினார். நான் நுனிவிரலில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டேன். கூடம் முழுவதும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்து, நான் விழுங்கியதும் பேச ஆரம்பித்தது. அக்கா மூச்சு விட்டாள்.

"இன்னா தம்பி, கோழி கொத்தறாப்ல? ஃபாரின்ல இதெல்லாம் ஏது, சாப்டுங்க" என்று அந்த அம்மாள் இன்னொரு கரண்டி வைத்தார். நல்ல மனசோடுதான் வைத்தார். இலையில் இனிப்பை மிச்சம் வைத்தால் சம்பந்தத்தில் மனசில்லை என்று ஆகிவிடும். செல்வியை நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். பிறகு சோறு. மூன்றாவது வாய் நெஞ்சில் நின்றது. தண்ணீர் குடித்தேன், அது செய்யக்கூடாத காரியம். நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. எழுந்து பின்பக்கம் போகப் பார்த்தேன். துணி துவைக்கிற கல்வரைக்கும்தான் போக முடிந்தது. அங்கேயே உட்கார்ந்து நுரையும் சோறுமாக வாந்தி எடுத்தேன். கண் இருட்டிச் சாய்ந்துவிட்டேன். விழித்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். யாரும் தொடவில்லை. மாப்பிள்ளையின் அப்பா ஒருவர்தான் என் தலையைத் தன் தொடையில் வைத்திருந்தார்.

அவரிடம் அங்கேயே உண்மையைச் சொன்னேன். பின்னால் யாரோ, "சாப்பாடு வேணாம்னு வயித்த வெட்டிப்பாங்களா? வேற எதாச்சும் சொல்லச் சொல்லு" என்றார்கள். ஒரு சிரிப்பும் கேட்டது. அக்கா சொன்னது சரிதான்.

நான்கைந்து நாள் கழித்து மாப்பிள்ளையின் அப்பா மட்டும் பஸ் ஏறி கீழ்பென்னாத்தூர் வந்தார். மரியாதையான மனிதர். காபியைக் குடித்து முடித்த பிறகே விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க எங்க வூட்ல கை நனச்சிட்டீங்க தம்பி. அப்பறம் பேச்சு மாறக் கூடாது. பொண்ணு எங்க பொண்ணு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் தரையைப் பார்த்தபடி தொடர்ந்தார்.

"நீங்க சொன்னத நான் நம்பறேன். பந்தியில ஒக்கார்ற ஜனம் நம்பாது. கல்யாணத்தன்னிக்கி நீங்க மணவறையில நின்னாக்கா, பொண்ண யாரும் பாக்க மாட்டாங்க."

"ரத்த டெஸ்ட் எடுத்துத் தரேங்க" என்றேன்.

"எத்தன பேருக்குக் காட்டுவீங்க?"

நான் அன்றைக்குச் சாப்பிட்டேனே, அதனால்தான் சம்பந்தம் நிலைத்தது. சாப்பிட்ட விதத்தால்தான் நான் அதற்கு வெளியே நின்றேன். அக்கா என்னைப் பார்க்காமல் கேட்டாள், "லீவு எப்போ முடியுதுடா?" முகூர்த்தத்துக்கு முன்பே முடிந்துவிடும் என்றேன். கல்யாணம் முடியும்வரை லீவை நான் முன்பே நீட்டித்து வைத்திருந்தது அவளுக்கும் தெரியும். மாமன் மாலையைப் போட்டு, பெண்ணை மணவறைக்குக் கைப்பிடித்து அழைத்துவரும் வேலை எங்கள் பெரியப்பா மகனுக்குப் போயிற்று. கிளம்புகிற அன்று செல்வி என் பெட்டியை வேன் வரைக்கும் தூக்கி வந்தாள். "எனக்காகத்தான மாமா அத சாப்ட்ட" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நானும் மனிதன்தானே.

கல்யாணத்தன்று ஒஹாயோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஊரில் சாயங்காலம் ஆகி, மண்டபத்தைக் காலி செய்த பிறகு அக்கா கூப்பிட்டாள். எனக்குக் காலை. சுமதி வைத்த ஒற்றை இட்லியைப் பிட்டுப் பிட்டு மென்றுகொண்டிருந்தேன். யார் யார் வந்தார்கள், செல்வி எப்படி இருந்தாள், எந்தப் புடவை எடுபட்டது என்று அக்கா எல்லாம் சொன்னாள். குரலில் நிறைவு இருந்தது. பிறகு, "மொதப் பந்தியில உனக்கொரு எல போட்டேன்டா" என்றாள்.

"எனக்கா?"

"மாமன் எல. லட்டு, வட, பாயசம், ஒன்னு வுடல. எங்கையாலயே வெச்சேன். நாலு பேரு பாக்கட்டும்னுதான் வெச்சேன்."

ஆளில்லாத இலையில் எல்லாவற்றையும் பரிமாறிப் படைப்பது எங்கள் பக்கத்தில் யாருக்கு என்று அவளுக்குத் தெரியாதா? ஆசையில் மறந்துவிட்டாள்.

"யாரும் ஒக்காரலியாக்கா?"

"உன் எலையில எவன் ஒக்காருவான்? பந்தி எழுந்ததும் நானே மூடிட்டேன்."

நல்ல காரியத்தில் சாப்பிட்டவன் இலையைத் தன் பக்கமாக மூடுவான், உறவு தொடரட்டும் என்று. துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாகத் தள்ளி மூடுவான். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எந்தப் பக்கம் மூடின?"

"இது இன்னாடா கேள்வி? எதுத்தாப்ல நின்னு எம்பக்கமாத்தான் மூடினேன். நம்ம வூட்டு நல்ல காரியமாச்சே."

சரிக்கா என்றேன். அவள் தன் பக்கமாகத்தான் மூடியிருக்கிறாள், அதில் தப்பில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம், நான் உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலியிலிருந்து பார்த்தால், அது எதிர்ப்பக்கம்.