ஆபீஸ், ஆரியா

போன வெள்ளிக்கிழமை ஷார்ஜாவில் ஓர் அறிவிப்புப் பலகையைப் படிக்கக் கேட்டுச் சிரித்தேன். கூடவே அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வருமா என்று கேட்காதீர்கள், வந்தது.

கடல்கழியான க்ரீக்கிலிருந்து வெட்டிய வாய்க்காலின் கடைசியில், நான் முதலில் வேலை பார்த்த படகுப் பட்டறை இருந்தது. அதில் ஒரு பழைய லிஃப்ட். மரத்தோணியை இரும்பு மேடையோடு தண்ணீரிலிருந்து தூக்கிப் பட்டறைத் தரைக்குக் கொண்டுவரும். பட்டறையை மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. இப்போது லிஃப்டைச் செப்பனிட்டு மக்கள் பார்க்கத் திறக்கப்போகிறார்கள், பழைய ஆட்களை முன்னதாக வந்து பார்க்கச் சொல்கிறார்கள் என்று நண்பர் வாட்ஸப்பில் அனுப்பினார். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

நுழைந்ததும் கிரீஸ் வாசனை. தோணிக்குப் பூசும் சுறா எண்ணெயின் வாடைதான் இல்லை. அந்த வாடையோடு பர் துபாய் பஸ்ஸில் ஏறினால் அந்தக் காலத்தில் எனக்கு எப்போதும் இரண்டு சீட் கிடைக்கும். எண்ணெய் இல்லாததும் நல்லதற்குத்தான், பார்க்க வருகிறவர்கள் ஓடிவிடுவார்கள்.

சீரமைப்புக்குப் பொறுப்பு மரியம் என்ற உள்ளூர்ப் பெண் இன்ஜினியர். பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் பஞ்சு வைத்துத் துடைத்திருக்கிறார்கள். தேய்ந்த ஆணியைக்கூட மாற்றாமல், அதே இடத்தில் இறுக்கியிருக்கிறார்கள். நாங்கள் சுத்தியலால் மட்டுமே பேசிய இயந்திரம் அது! இவ்வளவு மரியாதையாக அதை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. எனக்கு அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

லிஃப்டை இயக்கும் லீவர் பக்கத்துத் தூணில் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்கள். உள்ளே, வெள்ளைப் பெயிண்டில், கோணல் மாணலாக, மேல்நோக்கிய அம்புக்குறியோடு ‘ஆபீஸ்’. கீழ்நோக்கிய அம்போடு ‘ஆரியா’. பக்கத்து இங்கிலீஷ் பலகையை மகள் படித்துச் சொன்னாள்: தமிழ்த் தொழிலாளர்களுக்கு மாடி அலுவலகத்தைக் காட்டிய அதிகாரபூர்வ அறிவிப்பு. ஆரியா என்பவர் கீழ்த்தளப் பொறுப்பாளராக இருக்கலாம் என்றும் போட்டிருந்தது.

“ஆனா மேல ஸ்கைதானேப்பா இருக்கு? ஆபீஸ் எங்க?”

ஆபீஸ் அங்கே இருந்ததே இல்லை. அதை எழுதியவன் நான்.

கீழக்கரை செய்யது காக்காதான் அங்கே சிக்னல்காரர்; அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். தண்ணீர் ஓரம் நின்று தோணியின் அடிமரத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பார். ‘ஹபேஸ்’ என்றால் தூக்கு. ‘ஆரியா’ என்றால் இறக்கு. எந்த மொழி என்று கேட்டால் அவருக்கே தெரியாது, கப்பல்காரர்கள் பேச்சு. லீவரில் நிற்பவன் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கையை அசைக்க வேண்டும்.

முதல் நாள் எனக்கு இதெல்லாம் யார் சொன்னது? லீவரில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். காக்கா “ஹபேஸ்! ஹபேஸ்!” என்று கத்த, என் காதில் ஆபீஸ் என்று விழுந்தது. அந்த நாளில் ஆபீசுக்குக் கூப்பிட்டால் வேலை போய் ஊருக்கு டிக்கெட் என்று அர்த்தம். லீவரை விட்டுவிட்டு வாசல் பக்கத்து மேனேஜர் அறைக்கு ஓடினேன். மேனேஜர் முன்னால் கைகட்டி நின்று, “சார், மாஃப் கரோ” என்றேன். எதற்கு மன்னிப்பு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. திரும்பி வந்தால் தோணி பாதித் தண்ணீரில் கிடக்கிறது, பட்டறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது.

“என்னா ஆபீசர், மேனேஜர் சொகமா?” என்றார் காக்கா. அன்றிலிருந்து நான் ஆபீசர். இனி மறக்கக்கூடாது என்று மறுநாள் தூணில் எழுதிவைத்தேன். சரியான சொல் தெரிந்த பிறகும் ‘ஆபீஸ்’ என்றே எழுதினேன். என் காதில் அதுதானே விழுந்தது.

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தேன். ஏனென்றால் சற்று முன்தான் மரியம் பெருமையாகச் சொல்லியிருந்தார்: தூண்களில் இருந்த கிறுக்கல்களையெல்லாம் சுரண்டி, அசல் பச்சை நிறத்தை வெளியே கொண்டுவந்துவிட்டோம், அதிகாரபூர்வ அறிவிப்பு என்பதால் இதை மட்டும் விட்டோம் என்று. உண்மையைச் சொன்னால் இதுவும் கிறுக்கல். வாயை மூடிக்கொண்டால் எழுத்து பிழைக்கும், ஆனால் காக்காவின் சொல், இல்லாத மாடிக்கு வழிகாட்டிக்கொண்டே நிற்கும். காக்கா மவுத்தாகி, ஊரில் அடக்கம் செய்து மூன்று வருஷம். இனி யார் வந்து திருத்துவார்கள்?

சொல்லிவிட்டேன். மகள் இங்கிலீஷில் மாற்றிச் சொல்லச் சொல்ல மரியத்தின் முகம் சிவந்தது. சுரண்டிப்போட்ட மற்ற தூண்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு பலகையைத் தானே கழற்றிக் கவிழ்த்து வைத்தார். எழுத்து இருக்கும், பலகையைத்தான் மாற்றி எழுத வேண்டும் என்றார். தவறை இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிற அதிகாரியை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. காக்காவின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார்.

பிறகு, அந்தக் குரலைப் பதிவுசெய்ய வேண்டும், கூப்பிடுங்கள் என்றார்.

தண்ணீர் ஓரம் போய் நின்றேன். காக்கா நிற்கும் அதே இடம். பதினொரு வருஷம் பதில்தான் சொல்லியிருக்கிறேன், முதலில் கூப்பிட்டதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

“ஹபேஸ்!”

லீவர் பக்கம் நின்ற மகள் தூணைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் பதில் சொன்னாள்: “ஆ...பீஸ்!”

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ புதிதாக வைத்த பொத்தானை அழுத்த, மேடை தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். என்னா ஆபீசர் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.