தண்டலத்துக்கு இரண்டு பேர்

ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறேன். கார் ஃபேக்டரியின் ஆர்டர் எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். ஒரு சீட்டுக்கு ஓர் எலிமென்ட், அதாவது ஒரு பதிவு. அனோடேஷன் என்கிற குறிப்பைப் போட்டு அவற்றை ஜாவா புரோகிராமில் லிஸ்டாக வாங்கியிருந்தேன். லிஸ்ட் எதையும் விடாது, வந்த வரிசையிலேயே வைத்துக்கொள்ளும்.

எங்கள் டீம் லீட் அதைச் செட் ஆக்கினார். செட்டுக்கு ஒரே மாதிரி இரண்டு ஆகாது, ஒன்றை விழுங்கிவிடும்.

"ஒரே கலர் சீட் ரெண்டு வந்தா ஒண்ணு காணாம போயிடும் சார்."

"டூப்ளிகேட் இருந்தா நீட்டா இருக்காதும்மா. எனக்கே கத்துக்குடுக்கிறியா?"

சீட் காணாமல்தான் போயிற்று. கார் லைன் நின்றது. பிளான்ட் மேனேஜர் முன்னால், "இவங்க எழுதின கோட் சார்" என்று கூசாமல் என்னைக் கைகாட்டினார். அன்று சாயங்காலமே, "பழையபடி லிஸ்டா மாத்திடு" என்று காதோடு சொன்னார். கைக்கு வரவிருந்த என் பர்மனென்ட் ஆர்டர் நின்றுபோனது. நான் அழவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்காமலா போவான்?

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. (ஓவர்டைம்) பார்ப்பவர்களை வீட்டில் விடும் வேனுக்குப் பெயர்ப் பட்டியல் போடும் புரோகிராமை அவரே எழுதினார். அதிலும் செட். வேன் ஒரே ஸ்டாப்பில் இரண்டு தடவை நிற்கக் கூடாதென்று ஊரை வைத்து ஒப்பிட்டிருந்தார். ஒரே ஊர்க்காரர் இருவர் இருந்தால் இரண்டாமவர் அம்போ. பார்த்ததும் புரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஞாயிறு அவர் பைக் சர்வீஸில் இருந்தது. எங்கள் இருவருக்குமே ஊர் தண்டலம். வேனுக்கு முதலில் பெயர் கொடுத்தது நான், அடுத்தது அவர்.

"உங்க பேரு இல்ல சார்" என்றார் கேட்டில் செக்யூரிட்டி அண்ணன். "பேரு இல்லாத ஆள ஏத்திகினு போனா என்னை வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"இன்னாம்மா பாத்துகினு கீற? நீயாவது சொல்லேன்!" என்று டீம் லீட் வேனுக்குள் இருந்த என்னைப் பார்த்துக் கத்தினார்.

ஜன்னல் வழியாகச் சொன்னேன்: "டூப்ளிகேட் இருந்தா நீட்டா இருக்காது சார்."

வேன் கிளம்பியது. தண்டலம் வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

திங்கட்கிழமை கொதித்துப்போய், வேன் பட்டியலில் தன் பெயர் விட்டுப்போனதென்று அவரே பிளான்ட் மேனேஜரிடம் புகார் செய்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். செட் செய்யும் வேலையை விளக்கினேன்.

"அன்னிக்கு சீட் காணாம போனதும் இப்படித்தானா? அதைச் செட் ஆக்கினது யாரு?"

பக்கத்தில் நின்ற டீம் லீட் கெஞ்சுகிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க சார்" என்றேன் அவரிடம்.