மலையில் மூடும் கத்தி, ஈப்போவில் மூடாது

சவரக்கத்திக்கு மரப்பிடி செய்கிறவர்களே, எங்கிருந்தாலும் ஒரு கையைத் தூக்குங்கள். இன்னொரு கையில் பிளாஸ்டர் இருக்கும், எனக்குத் தெரியும்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய மடக்குக் கத்திகள் துருவேறி எங்கள் வீட்டுப் பட்டறைக்கு வரும். அண்ணன் ஆல்பர்ட் துருவை எடுத்துத் தீட்டுவான். எஸ்பிஎம் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் ஜெனியாகிய நான் உடைந்த பிடியைக் கழற்றிவிட்டுப் புதுசு போடுவேன். எஸ்டேட்டில் பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலைச் செடியின் அடிக்கட்டைதான் மரம். இரண்டு மெல்லிய பட்டை, நடுவே கத்தி, குறுக்கே பித்தளை ஆணி. மடக்கினால் கத்தி இரண்டு பக்கமும் உரசாமல் நடுவில் விழ வேண்டும். அவ்வளவுதான் தொழில்.

அந்த அவ்வளவுதான் உயிரை வாங்குகிறது. ஈப்போவில் சலூன் வைத்திருக்கும் முனியாண்டி அங்கிள், வாங்கிப்போன கத்தியைச் சீக்கிரமே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் மலைப் பனியில் ஒழுங்காக மூடியது ஈப்போ வெயிலில் காய்ந்து முறுக்கிக்கொண்டதாம். மடக்கும்போதெல்லாம் கத்தி தன் பிடியையே சீவுகிறதாம். அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: பிடி சரியில்லை என்று இன்னொரு கத்தி திரும்பி வந்தால், நான் கியா பார்ம் ஸ்ட்ராபெரிக் கடைக்கு வேலைக்குப் போக வேண்டும். எனக்கு ஸ்ட்ராபெரி மேல் கோபமில்லை. ஆனால் அங்கே மிமிக்ரிக்கு இடமில்லை, நாள் முழுக்க என் சொந்தக் குரலில் பேச வேண்டியிருக்கும். அம்மா மாதிரியே இடுப்பில் கை வைத்து, அம்மா குரலிலேயே தீர்ப்பைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். தண்டனை குறையவில்லை.

பாதி மீசை

எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா கத்தி வாங்க வந்தார். பிடியைத் தடவினார், மடக்கினார், விரித்தார். யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். என் முகத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, நீ சவரம் பண்ணியிருக்கியா?"

"இல்லீங்க ஐயா."

"அப்ப இது கையில நிக்குமா வழுக்குமான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அண்ணன் வந்தான். ஒரு கன்னம் பளபளவென்று, மறு கன்னம் சோப்பு நுரையோடு. மீசையில் இடது பாதி மட்டும் இருந்தது. நான் பிடி போட்ட கத்தியைத் தன் முகத்தில் அவன் சோதித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் அம்மா குரலில் "ஆல்பர்ட்டூ" என்று கூப்பிட்டிருந்தேன், அவன் திடுக்கிட்டுத் திரும்பியிருந்தான். கிராணி ஐயா கத்தியை மெதுவாக மேசையில் வைத்தார்.

"பாதிக்குச் சரியா இருக்கு லா. மீதியையும் முடிச்சிட்டு வரச் சொல்லு, அப்புறம் வாங்கிக்கிறேன்."

மேனேஜர் தும்மினார்

போனில் ஆர்டர் வந்தால் நான்தான் எடுப்பேன். முதலில் கீச்சுக்குரலில் ஆபீஸ் பெண். பிறகு, "லைன்ல இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேனேஜர். அவசியப்பட்டால் பட்டறையிலிருந்து ஒரு மலாய்க்கார மாமா, பாக்சிக்கும் வருவார்; மூன்று குரலும் நான்தான். கோலாலம்பூர்காரர் ஒருவர் பெரிய தொழிற்சாலை என்று நம்பி, ஸ்ட்ராபெரி பறிக்க வந்த குடும்பத்தோடு எங்கள் வாசலில் கெரேத்தாவை, அதான் காரை, நிறுத்திவிட்டார். பார்த்தால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெஞ்சு, நான்.

"மேனேஜர் இருக்காரா?"

"லீவுங்க சார்."

"ஆபீஸ்ல ஒரு பொண்ணு பேசுச்சே?"

"டவுனுக்குப் போயிருக்காங்க."

அந்த நேரம் பார்த்து மரத்தூள் மூக்கில் ஏறியது. மூன்று தும்மல், போனில் மேனேஜர் அவரிடம் தும்மிய மாதிரியே கடைசித் தும்மலில் ஒரு சின்ன விசில். அவர் சிரிக்கவே இல்லை. கத்தியை வாங்கிக்கொண்டு கதவருகில் நின்றார்.

"மேனேஜர் வந்தா சொல்லும்மா, அவருக்கும் உனக்கும் ஒரே டாக்டர்கிட்ட காட்டலாம்னு."

வெயில் காயப் போன கட்டைகள்

முறுக்கல் பிரச்சினைக்கு வருவோம். எங்கள் ஊரில் தலைமுடியே காயாது, மரம் எப்படிக் காயும்? கீழே போய் முறுக்கிக்கொள்வதை, பிடி ஆவதற்கு முன்னாலேயே முறுக்கிக்கொண்டு வரட்டும் என்று தோன்றியது. கோலா தெர்லாவிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டும் செல்வம் அண்ணனிடம் அறுத்த பட்டைகளைக் கொடுத்தேன். ஸ்டீயரிங்குக்கு முன்னால் கண்ணாடியோரம் அடுக்கினார். போகும், வெந்து வரும், மறுபடி போகும். நிறையப் பட்டைகள் வாழைப்பழமாகத் திரும்பின. நேராக நின்றதை மட்டும் எடுத்து முனியாண்டி அங்கிளுக்குப் பிடி போட்டு அனுப்பினேன். செல்வம் அண்ணன்தான் பாவம். வழியில் போலீஸ் சோதனையில் மாட்டியிருக்கிறார்.

"என்ன கட்டைன்னு கேட்டாங்க. வெயில் காய வந்திருக்கு, சாயந்தரம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்னேன். என்னை ஊதச் சொல்லிட்டாங்க மா."

மறுபடியும் ஈப்போ

ஒரு மத்தியானம் முனியாண்டி அங்கிளின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சட்டைப்பையில் பேப்பரில் சுற்றிய கத்தி. சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே அம்மா வந்தார். அண்ணன் என் பக்கம் குனிந்து, கியா பார்ம் கடைக்காரர் மாதிரி, "மூணு டப்பா பத்து வெள்ளி, வாங்க வாங்க" என்றான். குரல் சரியில்லை என்று திருத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அங்கிள் கத்தியைப் பிரித்து மடக்கினார். நடுவில், சத்தமில்லாமல் விழுந்தது. விரித்தார், மடக்கினார்.

"பிடி கல்லு மாதிரி நிக்குது மா. ஈப்போ வெயிலென்ன, அடுப்புல வெச்சாலும் அசையாது போல. இந்தக் கத்திதான் தாடியைத் தடவிக் குடுத்துட்டு வருது, வெட்ட மாட்டேங்குது. தீட்டினது யாரு?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் கூரையைப் பார்த்தான். அம்மா யார் பக்கமும் சாயாதவர்.

"ஸ்ட்ராபெரிக் கடைக்கு ஆள் அனுப்புறேன்னு சொல்லி வெச்சிட்டேன். ஆல்பர்ட், குளிச்சிட்டுக் கிளம்பு."

பிடி செய்கிறவளுக்கு இந்தத் தொழிலில் கிடைக்கும் ஆகப்பெரிய பாராட்டு, கோளாறு இரும்பில்தான் என்று யாராவது மலையேறி வந்து சொல்வதுதான்.